செத்திருந்தால் விசாரித்திருப்பார்கள்

என் கையெழுத்திலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஜூன் மாதம், ஒரு துணை சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பதிவேட்டில், ஒரு பெயருக்கு நேரே 'ஸ்கேன்' கட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் டிக் போட்டுத் தேதி எழுதியிருந்தார். கடைசியில் சுண்டு விரல் அகலத்துக்குக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் 'நார்மல்' என்று இருந்தது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன் எடுத்தது உண்மை, தேதியும் சரி. நார்மல் என்று யார் சொன்னார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

நான் அப்போது பகுதி சுகாதார செவிலியர். ஊரில் செக்டார் நர்ஸ் என்பார்கள். ஆறு துணை சுகாதார நிலையங்கள் என் பொறுப்பு. கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலைதான். 2024-இல் ஓய்வு பெற்றேன். சம்பந்தப்பட்ட பெண் இதை எழுதச் சம்மதித்திருக்கிறாள், எழுதியதை வாசித்தும் காட்டினேன். ஊர், ஸ்கேன் சென்டர், நர்சிங் ஹோம் எதன் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவளையும் 'பிள்ளை' என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கம் முப்பது வயசு வரைக்கும் பெண்கள் பிள்ளைதானே.

நடந்தது

பிள்ளைக்கு அப்போது 27 வயது. அம்பாசமுத்திரம் ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில் வாக்கப்பட்டவள். மாமியாரும் மருமகளும் பீடி சுற்றுவார்கள். வீட்டுக்காரருக்குக் கேரளத்தில் கட்டட வேலை. முதல் குழந்தை சிசேரியன். மூன்று வருஷம் கழித்து இது இரண்டாவது. ஒன்பதாவது வாரத்திலேயே பதிவு செய்து, அரசின் ஆன்லைன் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில் நம்பர் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ரத்தம் 9.4 கிராம்தான் இருந்தது, மாத்திரை கொடுத்தோம். முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்று மத்தியத் தொழிலாளர் நல அமைச்சகத்தின் கீழ் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கிருந்தும் அவள் மாத்திரை வாங்கியிருக்கிறாள். அது எங்கள் ஏட்டில் ஏறாது. முதல் பிரசவம் சிசேரியன் என்பதால் 'ஹை ரிஸ்க்' பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாளில் தவறாமல் வருவாள். அதுவரை எல்லாம் ஒழுங்கு. இதை அழுத்திச் சொல்கிறேன். யாரோ ஒரு நர்ஸ் அலட்சியமாக இருந்த கதை என்று நினைத்துப் படித்தால் விஷயம் கைநழுவிப் போய்விடும்.

இருபதாவது வாரம் ஸ்கேன். டவுனில் ஒரு தனியார் சென்டரில் எடுத்தாள். ரிப்போர்ட் இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். தலைச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம், இதயத் துடிப்பு எல்லாம் வயதுக்குத் தக்கபடி. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது வரி: நச்சுக்கொடி (பிளசென்டா) முன்சுவரில் இருக்கிறது, கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது, 32-ஆவது வாரத்தில் மறுபடியும் பார்க்கவும்.

இருபது வாரத்தில் கொடி கீழே இருப்பது பயப்படும் செய்தி இல்லை. கர்ப்பப்பை விரிய விரியப் பெரும்பாலானவர்களுக்கு மேலே ஏறிவிடும். அதனால்தான் 32 வாரத்தில் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே சிசேரியன் ஆனவளுக்கு, அதுவும் முன்சுவரில், பழைய தழும்பின் மேலேயே கொடி உட்கார்ந்தால் கதை வேறு. வாயை மூடியபடியே நின்றுவிட்டால், ஒரு சிசேரியன் ஆனவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினோரு பேருக்கு அது தழும்புக்குள் வேர்விட்டுவிடுகிறது. அப்புறம் பிரசவத்தின்போது கொடி தானாகக் கழன்று வராது. பிய்த்தால் ரத்தம் குழாய் திறந்த மாதிரி கொட்டும். இப்படிப்பட்டவளுக்கு முன்கூட்டியே நாள் குறித்து, ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, மயக்க மருந்து டாக்டரும் அனுபவசாலியான அறுவை டாக்டரும் இருக்கிற இடத்தில்தான் கத்தி வைக்க வேண்டும். ஆக, அந்த ரிப்போர்ட்டில் நாங்கள் படிக்க வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

சென்டரில் என்ன சொன்னார்கள் என்று பிள்ளையின் அம்மாவிடம் பிறகு கேட்டேன். "பிள்ளை நல்லாருக்கு, துடிப்பு நல்லாருக்குன்னு சொன்னாவ நர்ஸம்மா. வேற ஒண்ணும் சொல்லலையே" என்றார். அந்தப் பேச்சைத்தான் வீட்டுக்கு வந்த செவிலியரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டியிருக்கிறார், படங்களையும் தேதியையும் பார்த்திருக்கிறார், 'நார்மல்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த செவ்வாய் டாக்டர் அட்டையைப் பார்த்திருக்கிறார், அட்டையில் 'நார்மல்'. அப்புறம் நான். மூன்று பேரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நம்பினோம்.

இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று முறை இல்லை. ஆனால் மூன்று வயசுப் பையனை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரும் ஊரில் இல்லாமல் என்ன செய்வாள்? ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் போய்விட்டாள். அம்மா வீடு குற்றாலச் சாரல் அடிக்கிற பக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். 2019 நவம்பர் 22 முதல் அது தென்காசி மாவட்டம். எங்கள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'வெளியூர் சென்றுள்ளார்' என்று ஏறியது. அந்தப் பக்கத்துப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. அங்கே இருந்த செவிலியர் அவளைப் பார்க்க வந்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

33-ஆவது வாரத்தில் ஒரு நாள் காலையில் வலி எதுவும் இல்லாமல் ரத்தம் பட்டது. பக்கத்து டவுனில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனார்கள். ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ரத்தம் நின்றது, வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். கொடி கீழே இருக்கிறவர்களுக்கு இப்படி வலியில்லாமல் ஒரு சின்ன ரத்தப்போக்கு முன்னால் வந்து போவது உண்டு. அடுத்து வரப்போவது எப்படி இருக்கும் என்பதற்கு அது அடையாளம். அந்தச் சீட்டும் இங்கிலீஷில்தான் இருந்தது.

புரட்டாசி பிறந்த மறுநாள் ராத்திரி 11.40 மணிக்குப் பாய் முழுக்க நனைந்துவிட்டது. நேரங்களை நான் பிள்ளையின் அம்மாவோடும் தம்பியோடும் உட்கார்ந்து, போனில் இருந்த அழைப்புகளை வைத்துக் கணக்குப் போட்டேன். 12.05-க்கு 108 வந்தது. 12.35-க்குத் தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே இருந்தவர்கள் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, சலைன் விட்டு, ஐகிரவுண்டுக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, போன் போட்டுத் தகவல் சொல்லி 1.10-க்கு அனுப்பினார்கள். அந்த நேரத்தில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழைந்தபோது மணி 2.25. போன் முன்னாலேயே வந்திருந்ததால் தியேட்டர் தயாராக இருந்தது. குழந்தையை எடுத்தார்கள். கொடி தழும்புக்குள் போயிருந்தது, வரவில்லை. கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். ஒன்பது யூனிட் ரத்தம். குழந்தை 2.1 கிலோ, பச்சிளங்குழந்தைப் பிரிவில் பதினொரு நாள்.

காலையில் செவிலியர் எனக்குப் போன் பண்ணினார். "அக்கா, நம்ம கேஸு ஐகிரவுண்டுல. பைய எடுத்துட்டாவளாம். ரெண்டு உசுரும் இருக்கு." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி பிள்ளைக்காக மட்டும் வந்ததில்லை. விசாரணை இல்லை என்ற நிம்மதியும் அதில் இருந்தது. அதை எழுதாமல் இந்த ஆய்வை எழுத எனக்கு உரிமை இல்லை.

செத்தால் என்ன நடக்கும்

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பிரசவமாகி 42 நாளுக்குள்ளோ இறந்துபோனால், ஒரு பெரிய எந்திரம் கிளம்பும். 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். வீட்டுக்கு ஒரு குழு வரும். வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது வலி வந்தது, யார் முடிவெடுத்தார்கள், வண்டி எப்போது வந்தது, ஆஸ்பத்திரியில் யார் பார்த்தார்கள் என்று மணிக்கணக்கில் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் ஒரு ஆய்வு தனியாக நடக்கும். பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம். அரசு சாவு, தனியார் சாவு என்று பிரிவு கிடையாது; நர்சிங் ஹோம் டாக்டரும் வந்து உட்கார வேண்டும். இறந்தவளின் வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். மாநிலத்தில் எல்லாத் தாய் மரணங்களுக்கும் இந்த ஆய்வு கட்டாயமாகி 2004 முதல் நடக்கிறது.

நான் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எழவு வீட்டில், இன்னும் சாணி மெழுகாத திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது எவ்வளவு கொடுமை என்பது போனவர்களுக்குத் தெரியும். ஆனால் அதனால் பலன் இருந்தது. ஒரு கூட்டத்தில், ரயில்வே கேட் மூடிக் கிடந்து வண்டி இருபது நிமிஷம் நின்றதை ஒரு மாமனார் எழுந்து நின்று சொன்னார். அறையில் இருந்த அதிகாரிகள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, எந்தப் படிவத்திலும் இல்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கத்து வண்டியை கேட்டுக்கு இந்தப் புறம் நிறுத்தினார்கள். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2004-06-இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் என்ற கணக்கில் இறந்தார்கள், 2018-20-இல் 54. இந்தியா முழுக்க எடுத்தால் 254 என்பது 97 ஆனது. மூன்று நர்சுகளோடு 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், தாலுகா அளவில் சீமாங் எனும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவுகள், 2008-இல் வந்த 108, இவற்றோடு இந்தத் திண்ணை விசாரணைக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கு இந்த ஆய்வு இல்லை என்று வழிகாட்டியில் எழுதியிருக்கும். ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வந்த வாரத்தில் மெமோ வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 17(ஆ), அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை விதி, என்றால் எங்கள் சர்வீஸில் குலை நடுங்கும். பதவி உயர்வு நிற்கும், ஓய்வூதியம் வரைக்கும் அந்தக் காகிதம் பின்னாலேயே வரும். இந்தப் பயத்தில் பதிவேட்டில் என்ன எழுதத் தோன்றும்? 'நார்மல்' என்றுதான் தோன்றும். புரியாத ஒரு வரியைப் பார்த்து 'டாக்டரிடம் கேட்க வேண்டும்' என்று எழுதினால், கேட்டாயா, எப்போது கேட்டாய், என்ன சொன்னார் என்று மூன்று கேள்வி வரும். நார்மலுக்குக் கேள்வி கிடையாது.

பிழைத்தால் யார் பார்ப்பது

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடைப் பையில் எல்லாக் காகிதமும் இருந்தது: ரேஷன் கார்டு நகல், தாய்சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், நர்சிங் ஹோம் சீட்டு, ஐகிரவுண்டு டிஸ்சார்ஜ். அங்கே உட்கார்ந்துதான் அந்த மூன்றாவது வரியை நான் முதன்முதலில் வாசித்தேன். வாசித்துவிட்டு யாரோடும் பேச முடியவில்லை. அந்த வீட்டு மைனி காபி கொண்டுவந்து வைத்தார், ஆறிப் போயிற்று.

அதற்குப் பிறகு நான்கு மாதம், லீவு நாட்களில், ஒவ்வொரு காகிதத்தையும் யார் மேற்பார்வை பார்க்கிறார்கள் என்று தேடினேன். நெல்லை மாவட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதுசில்லை. கிராமத்துச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை, அதாவது துணை இயக்குநரின் டி.டி. ஆபீஸ். தாலுகா ஆஸ்பத்திரி நலப்பணிகள் இணை இயக்குநர், ஜே.டி. ஆபீஸ். ஐகிரவுண்டு மருத்துவக் கல்விக்குக் கீழே, டீன். மூன்று துறை, மூன்று இயக்குநர்கள், சென்னையில் மூன்று கட்டடம். இதில் சுகாதார மாவட்டம் என்பது வருவாய் மாவட்டமும் இல்லை. தென்காசி பிரிவதற்கு முன்பே எங்கள் துறையில் சங்கரன்கோவில் தனிச் சுகாதார மாவட்டம். திருநெல்வேலி மாவட்டத்துக்குத் தலைமை மருத்துவமனை தென்காசியில் இருந்தது. இந்தக் கோடுகளை மனசில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதே ஒரு தனிப் படிப்பு. கர்ப்பிணிக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் ஸ்கேன் சென்டர். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் அது பதிவு பெற்றது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம், மாதா மாதம் 5-ஆம் தேதிக்குள் அறிக்கை, மெஷினின் எண், டாக்டரின் தகுதி, சுவரில் போர்டு. நான் போய்ப் பார்த்தேன், அத்தனையும் சுத்தம். ஜே.டி. ஆபீஸிலிருந்து வந்து சோதனை செய்த விவரமும் இருந்தது. அந்தச் சட்டம் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. ஆனால் அந்தச் சோதனை, சொல்லக் கூடாததைச் சொன்னார்களா என்று பார்க்கிறது. சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

நர்சிங் ஹோமுக்கு வேறு சட்டம். மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கு விதிகள் வந்தது 2018-இல். இருபத்தொரு வருஷம் விதி இல்லாமல் ஒரு சட்டம் சும்மா இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்தான். இப்போது இட அளவு, ஆட்களின் தகுதி, கழிவு அகற்றல், தீயணைப்புச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். பிரசவம் நடந்தால் அங்கிருந்தும் பிக்மியில் ஏறியாக வேண்டும்; 2017 முதல் அந்த நம்பர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்பதால் தனியார் பிரசவம் ஒன்றுகூடத் தப்பாது. நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளை அங்கே பிரசவிக்கவில்லை. ஒரு ராத்திரி ரத்தப்போக்கோடு படுத்துவிட்டு எழுந்து போனாள். அதை யாருக்கும் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, தெரிவிக்கவும் இல்லை.

ஹை ரிஸ்க் பட்டியல் எங்களுடையது. அதையாவது உருப்படியாகப் பார்த்தோமா? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன், தனியாரில் 63.8. அப்படியென்றால் இரண்டாம் முறை உண்டாகிறவர்களில் எத்தனை பேர் 'முதல் சிசேரியன்' என்று பட்டியலில் ஏறுவார்கள்! என் பகுதியில் பாதிப் பட்டியல் அதுதான். எல்லோரும் ஹை ரிஸ்க் என்றால் யார் ஹை ரிஸ்க்? மாதாந்திரக் கூட்டத்தில் எண்ணிக்கையை வாசிப்போம், 'ஃபாலோ அப்பில் இருக்கிறார்கள்' என்போம், அடுத்த தலைப்புக்குப் போவோம்.

அப்புறம் கர்ப்பப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைகள். தேவையில்லாமல் ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வழிகாட்டி போட்டது. தேசம், மாநிலம், மாவட்டம் மூன்று மட்டத்திலும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் இதை ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 27 வயதுப் பெண்ணுக்கு எடுத்திருக்கிறார்களே, இந்தக் குழுவாவது கேட்குமா என்று எனக்கு ஒரு நப்பாசை. யோசித்துப் பார்த்தால் அந்தக் குழு கேட்கப்போகும் கேள்வி, எடுத்தது அவசியமா என்பது. அவசியம்தான், எடுக்காவிட்டால் பிள்ளை செத்திருப்பாள். அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

மயிரிழையில் பிழைத்தவர்களை ஆராயவும் 2014-இல் மத்திய அரசு ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அது மருத்துவக் கல்லூரிகளிலிருந்து தொடங்குவது, ஆஸ்பத்திரிக்குள் நடப்பது. பிள்ளை விஷயத்தில் அவள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. என்னிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி இறந்தால் மூன்று துறையையும் தனியாரையும் ஆட்சியர் ஒரே மேஜையில் உட்கார வைக்கிறார். அவள் பிழைத்துவிட்டால் அந்த மேஜை போடப்படுவதில்லை. ஆறு இடத்திலும் ஏடு சரியாக இருக்கிறது, ஆறு பேரும் தங்கள் ஏட்டைத்தான் காட்டுகிறார்கள். கூடவே இன்னொன்று: இறந்தவளால் பேச முடியாது என்பதால் சுற்றி இருப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு யூகிக்கிறோம். பிழைத்தவளிடம் கேட்டால் அவளே சொல்வாள்.

கொக்கிரகுளம்

மனு எழுதலாம் என்று சொன்னது பிள்ளையின் தம்பி. நான் சர்வீஸில் இருந்ததால் என் பெயரில் போட முடியாது. டிசம்பரில் கொடுக்கலாம் என்று இருந்தோம். 17, 18 தேதிகளில் மழை கொட்டித் தாமிரபரணி பெருகி ஊரே மிதந்தது, அந்த நேரத்தில் யார் மனுவைப் பார்ப்பார்கள். பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாள். வாசகம் என்னுடையது, கையெழுத்து அவளுடையது. நஷ்டஈடு கேட்கவில்லை. யார் மேலும் நடவடிக்கை கேட்கவில்லை. ஒரே கேள்வி: ஸ்கேனில் கண்டதை எங்களிடம் யார் சொல்லியிருக்க வேண்டும்?

இரண்டு ஆபீஸுக்கு மனு போயிற்று. இரண்டு பதில் வந்தது. ஒன்றில், சென்டர் முறைப்படி பதிவு பெற்றது, படிவங்கள் சரியாகப் பராமரிக்கப்படுகின்றன என்று இருந்தது. இன்னொன்றில், கர்ப்பிணி முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்யப்பட்டார், உரிய பரிசோதனைகள் செய்யப்பட்டன, ஹை ரிஸ்க் பட்டியலில் சேர்க்கப்பட்டார் என்று இருந்தது. இரண்டாவது பதிலுக்கு வேண்டிய விவரத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதினேன். பொய் ஒரு வரி கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நர்சிங் ஹோம் இரண்டு பதிலிலும் வரவில்லை. அது வேறு மாவட்டம்.

நான் இதை வட்டார மருத்துவ அலுவலரிடம் நேரில் சொன்னேன். அவர் சின்ன வயசு, கேட்டுக்கொள்ளும் குணம். அவர் பங்குக்கு இரண்டு காரியம் செய்தார். செவ்வாய்க்கிழமைகளில் ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டரே வாசித்து, கொடி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அட்டையில் தமிழில் எழுத வேண்டும்: 'கொடி மேலே', 'கொடி கீழே'. கீழே என்றால் சிவப்பு வட்டம், 32 வாரத் தேதி. இரண்டாவது, அம்மா வீட்டுக்குப் போகிறவள் எந்த ஊருக்குப் போகிறாள் என்பதை ஐந்தாம் மாதமே கேட்டு, அந்த ஊர் நர்ஸிடம் போனில் பேசிவிட்டுத்தான் 'வெளியூர்' என்று எழுத வேண்டும்.

முதல் காரியத்தை யாரும் எதிர்க்கவில்லை. இரண்டாவதற்கு முணுமுணுப்பு வந்தது. 'நார்மல்' எழுதிய செவிலியரே சொன்னார்: "இன்னொரு வேலையாக்கா? ஏற்கெனவே ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து ஆன்லைன்ல ஏத்துதேன்." சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அவர் பக்கத்துக் காலியிடத்தையும் சேர்த்துக் கூடுதல் பொறுப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மேற்பார்வை என்றாலே புதுக் கட்டம் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கட்டம் ஏறும், எதுவும் கழியாது. என்னைக் கேட்டால் அந்தப் பதிவேட்டில் பத்துக் கட்டத்தை எடுத்துவிட்டு இந்த ஒன்றைச் சேர்ப்பேன். பிழைத்தவர்களில் வருஷத்துக்குப் பத்துப் பேரையாவது தேர்ந்தெடுத்து, செத்தவர்களுக்குப் போகிற மாதிரியே திண்ணைக்குப் போகச் சொல்வேன், மெமோ கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு.

சரி, என்னை யார் கேட்கிறார்கள். சிவப்பு வட்டம் ஏழெட்டு மாதம் ஓடியது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் இரண்டு பேருக்கு 32 வாரத்திலும் கொடி கீழேயே இருந்தது. இரண்டு பேரையும் நாள் குறித்து ஐகிரவுண்டில் சேர்த்தோம். அந்த மருத்துவ அலுவலர் இப்போது மாறுதலில் போய்விட்டார்.

பிள்ளையைப் போன மாதம் பார்த்தேன். பையன் பள்ளிக்கூடம் போகிறான், சின்னது தட்டில் இருக்கிற பீடி இலையை இழுத்துப் போட்டு விளையாடுகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பணத்துக்காக மூன்று முறை போன் வந்ததாம்: பேங்க் புத்தகத்தில் பெயரும் ஆதாரில் பெயரும் ஓர் எழுத்து வித்தியாசம். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள். புதுசாக வந்த நர்ஸ் வீட்டுக்கு வந்து, ரெண்டு குழந்தை ஆயிற்றே, இன்னும் ஏன் குடும்பக் கட்டுப்பாடு பண்ணவில்லை என்று கேட்டாராம். "எடுக்கதுக்கு இனி என்ன சிஸ்டர் இருக்குன்னு சொன்னேன். அவியளுக்கு முகம் ஒருமாதிரி ஆயிட்டு." ஜவுளிக்கடைப் பையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். நர்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு, மற்றதை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் போனாராம்.